வளைகாப்புக்குக் கட்டிய சீரியல் செட்

ஆனையூரில் அழகுபாண்டி வீட்டுக்கு அந்த வருஷம் கரண்டு கொடுத்தது பிறக்காத பிள்ளை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் மின்சாரம் சாயங்காலம்வரை வராது என்று பேப்பரில் போட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தெரு முழுக்க ஃபேன்கள் நின்று ஆட்கள் வாசலுக்கு வந்து முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு வீட்டில் மட்டும் டியூப்லைட் எரிந்தது, ஃபேன் ஓடியது, டிவியில் நாடகம் போய்க்கொண்டிருந்தது. அழகுபாண்டியின் மனைவி பாண்டீஸ்வரிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனால் டியூப்லைட் மங்கியது, திரும்பி வந்து உட்கார்ந்தால் பளிச்சென்று எரிந்தது. இதை முதலில் கண்டுபிடித்தது அவளுடைய மாமியார் ஒச்சாயி. நாடகத்தில் முக்கியமான கட்டம் என்பதால் மருமகளை முடியும்வரை அசையாமல் உட்காரச் சொன்னாள்.

மறுநாள் மின்வாரிய வயர்மேன் கண்ணுச்சாமி வந்தார். அழகுபாண்டி கொக்கி போட்டுத் திருடுகிறான் என்று பக்கத்தில் யாரோ போன் செய்திருந்தார்கள். அவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து பார்த்தபோதும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரியின் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அவளை வாசல்வரை நடக்கச் சொல்லி, மறுபடி உட்காரச் சொல்லி, மீட்டரை வைத்து அளந்தார். இருநூற்று முப்பது வோல்ட் அப்படியே நின்றது. ஏற்ற இறக்கம் இல்லாத இப்படியொரு சப்ளையைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்தார். "புள்ள பெறந்தா நின்னுரும்ணே. அதுக்குள்ள நாம ஒண்ணு எழுதி, ஆபீஸ்ல அவிங்க ஒண்ணு கேட்டு, எதுக்கு?" என்று அழகுபாண்டியிடம் சொல்லிவிட்டு, ஃபியூஸ் கட்டையை மாட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஆச்சரியப்பட்டுவிட்டு ஆனையூர் பழகிக்கொண்டது. கரண்டு போனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு பாண்டீஸ்வரியிடம் வந்தார்கள். எதிர்வீட்டு ஃபிரிட்ஜுக்குத் தெருவைக் கடந்து ஒரு வயர் போனது. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாங்காய், கடலைமிட்டாய், அவித்த பனங்கிழங்கு என்று ஏதாவது கொண்டுவந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வருகிற மாதிரி வந்து பிள்ளையை உறிஞ்சிவிட்டுப் போனார்கள் என்று பிற்பாடு பாண்டீஸ்வரி சொன்னாள். அப்போது அவளுக்கும் அது தெரியவில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உண்மையில் விஷயம் ஐந்தாம் மாதத்தில் ஆரம்பித்ததல்ல. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்கூட ஆகாத சமயம், அவளுடைய அண்ணன் செல்வக்குமார் வீட்டுக்கு வந்து அடுப்படி ஸ்விட்சைச் சரிசெய்துகொண்டிருந்தான். டெஸ்டரை எடுத்துத் தரச் சொன்னான். அவள் எடுத்தபோது அவள் கையிலேயே அதன் குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. டெஸ்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டுவிட்டு அவன் வேறு வாங்கிக்கொண்டான். அந்த வாரம்தான் பிள்ளையின் முதுகுப்பக்கம் தகடாகக் கிடந்த ஒன்று, வெற்றிலையைச் சுருட்டுகிறபோது இரண்டு ஓரமும் சேர்வதுபோலச் சேர்ந்து குழாயாக மூடிக்கொண்டது. அந்தக் குழாயின் தலைமாடுதான் உப்பி வளர்ந்து மூளையாகும். அது சரியாக மூடுவதற்கு ஒரு மாத்திரை உண்டு. வாசலுக்கு வந்த நர்சம்மா வேண்டுமா என்று கேட்டதற்குப் பாண்டீஸ்வரி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். மூன்று மாதம் முடியாமல் வெளியில் மூச்சுவிடக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். மாத்திரை இல்லாமலேயே குழாய் ஒழுங்காக மூடியது. அந்தப் பிள்ளை தன் பங்குக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தது.

அழகுபாண்டி வைத்திருந்தது மாவு மில். வீட்டில் ஃபேன் ஓடுவதைப் பத்து நாள் பார்த்தவன், பதினோராம் நாள் மனைவிக்கு ஒரு நாற்காலியை மில்லில் கொண்டுபோய்ப் போட்டான். மூன்று பேஸ் மோட்டார் அவளை வைத்துக்கொண்டு எப்படி ஓடியது என்பதற்குக் கண்ணுச்சாமியிடமும் விளக்கம் இல்லை, ஆனால் ஓடியது. மிளகாய் அரைத்தார்கள், மல்லி அரைத்தார்கள், கேப்பை அரைத்தார்கள். பாண்டீஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மியபடி உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் ஒச்சாயி முருங்கைக்கீரையும் முட்டையும் கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனாள். அழகுபாண்டி கெட்டவன் இல்லை, மோட்டாருக்கு எண்ணெய் விடுகிற கவனத்தோடுதான் மனைவியையும் பார்த்துக்கொண்டான்.

பாண்டீஸ்வரிக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. மில் ஓடாத நேரத்தில் வயிற்றில் மீன் புரள்வதுபோல ஒரு புரளல் இருக்கும். மோட்டார் போட்டதும் அது நின்றுவிடும். நிறுத்தியபின் வெகுநேரம் கழித்து, களைத்தவர் புரண்டு படுக்கிற மாதிரி ஒன்றே ஒன்று வரும். அத்தையிடம் சொன்னாள். "தூங்குதுத்தா. மோட்டார் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும்ல" என்றாள் ஒச்சாயி. புருஷனிடம் சொன்னாள். அவன் நாற்காலிக்கு ஒரு தலையணை வாங்கிவந்தான்.

ஆறாம் மாதம் காளவாசலில் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். டாக்டர் பவதாரிணியின் மெஷின், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பாண்டீஸ்வரி படுத்திருந்தவரை வேலைசெய்தது. டாக்டர் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரையும் உட்காரவைத்து, தோசை சுடச் சொல்லிக்கொடுக்கிற நிதானத்தில் சொன்னார். மூளைக்கு வேண்டிய அணுக்கள் எல்லாம் நடுவில்தான் பிறக்கும், நிமிஷத்துக்கு லட்சக்கணக்கில் பிறக்கும். பிறந்த இடத்தில் இருந்தால் பிரயோஜனமில்லை. ஒவ்வொன்றும் நூல் பிடித்து ஏறுகிற மாதிரி வெளிப்பக்கமாக ஏறி, தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். முன்னால் போனதைப் பின்னால் வருவது தாண்டிப்போய் அதற்கும் மேலே உட்காரும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பின்னால் வந்தவர்கள் நம்மைத் தாண்டிப் போய்த் துண்டு போடுவது பாண்டீஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. உட்கார்ந்தபின் ஒன்றோடொன்று பேசப் பழகும். அந்தப் பேச்சுத்தான் கரண்டு. இனி வருகிற மாதங்களில் காதும் கேட்கும். இப்போது வழவழவென்று இருக்கும் மூளையில் மடிப்பு விழும். விழுகிற மடிப்பில்தான் அறிவு தங்கும்.

"இந்தப் புள்ளைக்கு ஏறுறதுக்கே தெம்பு பத்தல. பாதி வழியில நின்னுக்கிட்டு இருக்கு. அதோட கரண்ட நீங்க எடுக்கக் கூடாது" என்றார்.

அழகுபாண்டி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "எம்புட்டு லோடு தாங்கும் டாக்டரம்மா?" என்றான்.

பாண்டீஸ்வரி அந்தக் கேள்வியை மறக்கவே இல்லை. டாக்டர் சொன்ன பதில்தான் மறந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவள் நேராக மில்லுக்குப் போய், மெயின் போர்டுக்கு முன்னால் கிடந்த கறுப்பு ரப்பர் விரிப்பைச் சுருட்டி எடுத்துவந்தாள். வயர்மேன்கள் அதன்மேல் நின்றுதான் கரண்டில் கை வைப்பார்கள் என்று அண்ணன் ஒரு தடவை சொல்லியிருந்தான். அதன்மேல்தான் உட்கார்ந்தாள், அதன்மேல்தான் படுத்தாள், நடக்கிறபோது கனமான ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டாள். கரண்டு போனபோது அவர்கள் வீட்டிலும் டியூப்லைட் அணைந்தது. எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்த மீன் கெட்டுப்போய், அந்த வீட்டுக்காரி நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நாடகம் பாதியில் நின்றதற்கு ஒச்சாயி அந்த வாரம் முழுக்க ஜாடை பேசினாள். அழகுபாண்டி மில் வாசலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவைத்துக் காத்திருந்தான். பாண்டீஸ்வரி போகவில்லை. பிள்ளை மறுபடி புரள ஆரம்பித்தது. ஒரு நாள் முட்டியால் இடித்ததில் மடியில் வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டே சரிந்தது. அவள் சோற்றை அள்ளாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் எரிய விட்டாள். அண்ணன் கொடுத்த டார்ச் பல்பு, நெல்லிக்காயைவிடச் சின்னது. கைக்குள் வைத்தால் மினுக்கென்று எரியும். ஒரு சாயங்காலம் ஆனையூர்க் கண்மாய்க்கரையில், கம்பியும் கம்பமும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, வயிற்றைப் பார்த்து, "ஏ, சின்னக் கழுத" என்றாள். பல்பு ஒரு தடவை அணைந்து எரிந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி அணைந்து எரிந்தது. வேறு வார்த்தைகளுக்கு அது அசையவில்லை, கரையில் போன மாட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொன்னபோதும் அசையவில்லை. அவள் குரலுக்கு மட்டும், அந்த வார்த்தைக்கு மட்டும். காது வந்துவிட்டது, கேட்டதை வைத்துக்கொள்ள ஒரு மடிப்பும் விழுந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. இதற்கும் கரண்டு செலவாகுமே என்று யோசித்தாள். பேசுவதற்கு ஆகிற செலவு வேறு, மிளகாய் அரைக்க ஆகிற செலவு வேறு என்று தானே முடிவுசெய்துகொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கண்மாய்க்கரையில் இருந்த அளவுக்கு அவள் எங்கும் சந்தோஷமாக இருந்ததில்லை.

செல்வக்குமாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவன் செக்கானூரணியில் ரேடியோ செட் வைத்திருந்தான். அந்தப் பக்கத்தில் எந்த விசேஷம் என்றாலும் வாசலில் இருபதடி உயரத்துக்கு மயிலும் தாமரையுமாக எரிகிற சீரியல் செட் அவனுடையது. தெருமுனையில் நிற்பவர் நெஞ்சு அதிர்கிற ஸ்பீக்கர் பாக்ஸும் அவனுடையதே. தங்கச்சி என்றால் அவனுக்கு உயிர். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாய்மாமன் வேறு. ஏழாம் மாத வளைகாப்புக்கு வேண்டுமென்றே சாயங்கால முகூர்த்தமாகப் பார்த்தான், பகலில் வைத்தால் சீரியல் செட் எடுப்பாக இருக்காது. விஷயம் தெரிந்ததும் பாண்டீஸ்வரி அவனைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, லைட்டு வேணாம். பாக்ஸு வேணாம். உனக்குத் தெரியும்ல?"

"லைன் கரண்டுலதான்த்தா எரியும். ஒன்னய தொடுவனா நானு? ஊரு பூராவுக்கும் செட்டு கட்டுறவன் தங்கச்சி வாசல இருட்டாப் போட்டா, நாளைக்கு எவன் என்னய மதிப்பான்?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு நல்ல முகூர்த்தநாள் என்பதால் அவனுடைய ஜெனரேட்டர் வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்தது.

விசேஷம் ஊரே பேசுகிற மாதிரித்தான் நடந்தது. தெருமுனையிலிருந்து வாசல்வரை சரம் சரமாகப் பல்பு. ஃப்ளெக்ஸில் தாய்மாமன் செல்வக்குமார் கூலிங் கிளாஸ் போட்டுக் கை கட்டி நின்றான், மூலையில் சின்னதாகப் பாண்டீஸ்வரி. மேளம் கொட்டி, தட்டுத் தட்டாகச் சீர் இறங்கியது. மணையில் உட்காரப்போகிற நேரத்தில் ஒச்சாயி குனிந்து மருமகளின் ரப்பர் செருப்பைக் கழற்றினாள். மணையில் செருப்போடு யாரும் உட்காருவதில்லை. மணைக்கு அடியில் பாண்டீஸ்வரி விரித்துவைத்திருந்த கறுப்பு விரிப்பையும், போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று போட்டோக்காரர் சொன்னதால் உருவி எடுத்தாள். பாண்டீஸ்வரி அண்ணனைப் பார்த்தாள். அவன் தூரத்தில் நின்று, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான்.

முதல் வளையல் ஏறியபோது தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. செல்வக்குமாரின் செட்டு இழுத்த இழுப்பை அது தாங்கவில்லை. ஆனையூர் மொத்தமும் இருண்டது. ஒருவர் மூச்சு விடுகிற நேரம் மேளம்கூட நின்றது. பிறகு மயிலும் தாமரையும் எரிந்தன, முன்பைவிட வெளிச்சமாக எரிந்தன. பாட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் செல்வக்குமாரின் முதுகில் தட்டி, "மாப்ள, செட்டுன்னா இதுதான்டா செட்டு" என்றார்.

செல்வக்குமாரின் கை மெயின் ஸ்விட்சில் இருந்தது. பாண்டீஸ்வரி அதைப் பார்த்தாள். அவன் இறக்கிவிடுவான் என்று நினைத்தாள். இரண்டு பாட்டு மட்டும், கரண்டு அதற்குள் வந்துவிடும் என்று அவன் நினைத்தான். பிற்பாடு அவனே இதைச் சொல்லி அழுதான். அவள் கத்தினாள். "அண்ணே, அமத்து" என்று அவள் கத்தியது பக்கத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தவளுக்கே கேட்கவில்லை, பாக்ஸ் சத்தம் அப்படி. எழுந்திருக்கப் பார்த்தாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டே தோளை அமுக்கினார்கள், வளையல் ஏறிக்கொண்டிருக்கும்போது எழுந்தால் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே அத்தனை பேரும் அவளைப் பிடித்துவைத்திருந்தார்கள். கைநிறையக் கண்ணாடி வளையல் ஏறியது. வயிற்றுக்குள் இருந்து ஏதோ ஒன்று, நூல்கண்டு பிரிவதுபோல, நிற்காமல் உருவிக்கொண்டு போனதை அவள் உணர்ந்தாள். தலைக்குமேல் மயில் தோகையை விரித்து விரித்து மூடியது.

பந்தி முடிந்து செட்டை நிறுத்தியபோது அவள் இடுப்பில் முடிந்துவைத்திருந்த டார்ச் பல்பை எடுத்துக் கைக்குள் வைத்தாள். அது சும்மா எரிந்தது. "ஏ, சின்னக் கழுத" என்றாள். அது சும்மா எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாளும் முகூர்த்தம். செல்வக்குமாரின் ஆட்கள் அப்போதே சரங்களைச் சுருட்டி, உசிலம்பட்டிக்கு ஒன்று, சோழவந்தானுக்கு ஒன்று, மேலூருக்கு ஒன்று என்று வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சீசனில் ரேடியோ செட்காரர்கள் சரங்களை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். திரும்பி வருவது கொடுத்ததுதானா என்று யாரும் பார்ப்பதில்லை, எல்லாம் ஒரே மாதிரிப் பல்புதான்.

பெண்பிள்ளை பிறந்தது. நிறமும் எடையும் குறைவில்லை. அஸ்வினி என்று பெயர் வைத்தார்கள். கண்ணுச்சாமி சொன்ன மாதிரியே, பிள்ளை பிறந்த அன்றே அந்தக் கரண்டு நின்றது. பிள்ளை அழவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை. டாக்டர் பவதாரிணி படம் எடுத்துப் பார்த்தார். மடிப்பே இல்லாமல், அவித்து உரித்த முட்டையாக இருந்தது மூளை. டாக்டர் யாரையும் திட்டவில்லை. படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். ஒச்சாயி, பிள்ளை தொந்தரவே தருவதில்லை என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். அழகுபாண்டி ஒரு மாதம் போல வருத்தமாக இருந்தான். அதன்பின் மில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த புள்ளைக்குப் பாத்துக்குவம்" என்றான். பாண்டீஸ்வரி அன்றிலிருந்து ரப்பர் விரிப்பில் தனியாகப் படுத்தாள். அடுத்த பிள்ளை என்ற பேச்சு அந்த வீட்டில் பிறகு வரவில்லை.

பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும்போது சமயநல்லூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தலில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, "ஏ, சின்னக் கழுத" என்றாள். தலைக்குமேல் தொங்கிய சரம் ஒரு தடவை அணைந்து எரிந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். மறுபடி சொன்னாள். அந்தச் சரம் மட்டும் மறுபடி அணைந்து எரிந்தது. செட்டுக் கட்ட வந்திருந்த செல்வக்குமார் அதைப் பார்த்துக் கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அன்று உருவிப் போனது எங்கேயும் போகவில்லை. சரம் சரமாகப் பிரிந்து, மதுரையைச் சுற்றி யார் யார் வீட்டு விசேஷத்திலோ எரிந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து அண்ணனும் தங்கச்சியும் முகூர்த்தநாள் தவறாமல் கிளம்பினார்கள். அவன் வண்டி ஓட்ட, அவள் பிள்ளையோடு பின்னால் உட்காருவாள். காதுகுத்து, கல்யாணம், புதுவீடு, கோயில் கொடை என்று எங்கே சரம் எரிந்தாலும் இறங்கி, அடியில் நின்று, அண்ணாந்து பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லுவாள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. சிலசமயம் ஒரு சரம் பதில் சொல்லும். அதைக் கேட்டு வாங்கிவந்து வீட்டுத் தொட்டிலுக்குமேல் கட்டினார்கள். அத்தனை சரமும் மினுக்கியும் தொட்டிலில் கிடந்தவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. வெளியே வந்தது திரும்பி உள்ளே போக வழியில்லை என்று டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார். பல்புகள் வேறு மழையிலும் வெயிலிலும் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தன. செல்வக்குமார் இதைச் சொல்லி ஒருநாள் அழுதான். அவள் வண்டியைக் கிளப்பச் சொன்னாள்.

இப்போது அஸ்வினிக்கு ஐந்து வயது. விசேஷ வீட்டுக்காரர்களுக்கு எல்லாம் பழகிப்போயிற்று. ஆனையூர் அக்கா வருவாள் என்று சரத்துக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டு வைத்துவிடுகிறார்கள், அவள் பேசும்போது மட்டும் பாட்டைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். போன ஆவணியில் சோழவந்தான் பக்கம் ஒரு காதுகுத்து. பாண்டீஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, மேலே பார்த்துச் சொன்னாள். ஒரு சரத்தின் கடைசியில் ஒற்றைப் பல்பு மட்டும் அணைந்து எரிந்தது.

அந்த வீட்டுக்காரி பாண்டியம்மாள், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்கிற மாதிரி, "அது ஒங்களுதுதான்க்கா. விசேசம் முடியவும் கழட்டித் தாரோம். சாப்புட்டுப் போங்க" என்றாள்.

பாண்டீஸ்வரி இந்த முறை குனிந்து, மடியில் இருந்தவளின் காதோரம் வாயை வைத்து, அதே வார்த்தையைச் சொன்னாள். மேலே பல்பு அணைந்து எரிந்தது. பிள்ளை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பிள்ளையின் வாயோரம் ஒழுகியதை முந்தானையால் துடைத்துவிட்டு, இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பந்திக்குப் போய் உட்கார்ந்தாள்.